அரைச் சேக்கல் வெள்ளி

எகிப்திலிருந்து தாபா எல்லை வழியாக இஸ்ரேலுக்குள் வந்த மறுநாள் காலையில் திம்னா போனோம். எய்லாத்துக்கு வடக்கே 25 கிலோமீட்டர் இருக்கும். மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தொழுகைக்காகச் சுமந்து சென்ற ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரியை, செம்பாறைகளுக்கு நடுவே முழு அளவில் அமைத்திருக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் அசல் இல்லை. அளவுகள் மட்டும் வேதத்தின் யாத்திராகமப் புத்தகத்தில் உள்ளபடியே.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழியோர முள்மரம் ஒன்றைக் காட்டி, "இதுதான் சீத்திம் மரம்" என்றார் வழிகாட்டி. சிறுவயதிலிருந்து வேதத்தில் வாசித்த பெயர். ஏதோ அபூர்வ மரம் என்றே நினைத்திருந்தேன். பார்த்தால், எங்கள் ஊர்த் தேரியில் நிற்கும் உடைமரத்தின் கூடப்பிறந்தது போலக் குடை விரித்து நிற்கிறது. லீபனோனின் கேதுரு மரம் பிற்பாடு சாலொமோன் ராஜா கட்டிய ஆலயத்துக்குத்தான் வந்தது. வனாந்தரத்தில் ஆண்டவர் வனாந்தரத்து மரத்தையே கேட்டார். பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டிகூட இந்த முள்மரம்தான், பொன் தகடு அதன்மேல் போர்த்தியது.

கூரையும் அப்படியே. உள்ளே இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்புமாக மெல்லிய பஞ்சுநூல் திரை, அதன்மேல் ஆட்டுமயிர்க் கம்பளி, அப்புறம் சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுக்கடாத் தோல், எல்லாவற்றுக்கும் மேலே தகசு என்னும் விலங்கின் தோல். வெளியே நிற்பவனுக்குத் தெரிவது அந்தத் தோல் மட்டும்.

என்னை நிறுத்திவைத்தது கூடாரத்தின் சுவர்ப் பலகைகளின் அடிப்பாகம். 48 பலகைகள், பலகைக்கு இரண்டு வெள்ளிப் பாதங்கள். திரைச்சீலைத் தூண்களுக்கு நான்கு. ஆக 100 பாதங்கள், ஒவ்வொன்றும் ஒரு தாலந்து, ஏறக்குறைய 34 கிலோ. அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? எண்ணப்பட்ட 6,03,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல் எடை வெள்ளி கொடுத்தார்கள். ஐசுவரியவான் கூட்டவும் கூடாது, தரித்திரன் குறைக்கவும் கூடாது. தாலந்துக்கு 3,000 சேக்கல். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பாதத்துக்குள் 6,000 பேருடைய காணிக்கை! எது யாருடையது என்று உருக்கிய பிறகு யாரால் சொல்ல முடியும்? கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் சுவரைத் தாங்கியது அதுதான்.

வழிகாட்டி வெண்கலத் தொட்டியிடம் போய்விட்டார். பெண்கள் தாங்கள் முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுத்துச் செய்த தொட்டி அது என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. நான் நகரவில்லை. ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவாள். அந்தப் பானை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.