சித்தப்பாவின் கணைக்காலும் அந்திச் சாராயமும்

சென்ற மாரியில் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து கணைக்கால் எலும்பை முறித்துக்கொண்ட என் சித்தப்பா, பிளாஸ்டர் போட்ட காலோடு வீடு வந்த நாள் முதல், திருக்கடலூரிலிருந்து பார்க்க வந்த கூட்டாளிகள் கொண்டுவந்த சாராயத்தை அந்திதோறும் "நோவுக்கு மருந்து" என்று குடித்துவந்தார். சாராயக் கடைகள் பூட்டியிருக்கும் போயா (பௌர்ணமி) தினங்களுக்குக்கூட முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள்.

எட்டாம் வாரம் எடுத்த எக்ஸ்ரே படத்தை மருத்துவர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிந்த இடத்தில் கரிக்கோடு அப்படியே கிடந்தது. அதைச் சுற்றிப் பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் மெல்லிய வெண்மை மட்டும் தெரிந்தது. "குடிக்கிறீர்களா, ஐயா?" என்று அவர் கேட்டதற்கு, "நோவுக்குத்தான் கொஞ்சம் எடுக்கிறனான், டொக்டர்" என்றார் சித்தப்பா.

குடித்தால் விழுவோம் என்பது எல்லோருக்கும் தெரியும். விழுந்த பிறகு குடிப்பது எலும்பை என்ன செய்கிறது என்பதை நானும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். எலும்பு முறிந்தவுடன் அங்கே இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பொன்று இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறது. அதன் பின்னரே கல்சியம் படிந்து அது உறுதியான எலும்பாகிறது. மதுசாரம் இந்த வேலையின் நடுவில்தான் கைவைக்கிறது. எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மந்தமடைகின்றன. அவற்றைப் பெற்றுத்தர வேண்டிய எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையிலுள்ள மூல உயிரணுக்களோ கொழுப்பு உயிரணுக்களாக மாறும் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. ஆகவே இணைப்பு உருவானாலும் அதில் தாதுப்பொருள் குறைவாகவும் வலு குன்றியும் இருக்கிறது. இதற்கு மேல், விற்றமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் முதற்படி ஈரலில் நடப்பதால், ஈரல் நொந்தவருக்குக் கல்சியம் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் படுப்பவருக்குப் புரதமும் இல்லை. (பீடியும் எலும்பு பொருந்துவதைத் தாமதிக்கும், சித்தப்பாவிடம் அதுவும் உண்டு.)

நோவுக்கென்று கொடுத்த பரசிற்றமோல் குளிசையைச் சாராயத்தோடு தொடர்ந்து விழுங்குவது ஈரலுக்கு இன்னொரு சுமை என்பதை வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. அதேவேளை, பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் மனக்குழப்பமும், சிலருக்கு வலிப்பும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே எவ்வளவு குடிக்கிறார் என்பதை வார்ட்டில் சேர்க்கும்போதே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வெட்கப்பட்டு மறைத்தோம். அது எங்கள் பிழை.

மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே சித்தப்பா நிறுத்தினார். நிறுத்தினால் எலும்பு கட்டும் உயிரணுக்கள் சில வாரங்களிலேயே மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றன என்று மருத்துவர் சொன்னதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த படத்தில் கரிக்கோட்டின் ஓரங்கள் மங்கியிருந்தன. அந்தப் படத்தைப் பழுப்பு உறையிலிட்டுத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். சென்ற கிளினிக்கில் மட்டும், கதவு வரை போய்த் திரும்பி நின்று, "பனங்கள்ளு சாப்பாடுதானே, டொக்டர்?" என்று கேட்டார். மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே, "அதிலும் மதுசாரம்தான், ஐயா" என்றார்.