ஒரு தோட்டாகூடச் சுடாத பத்து மாதம்

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலையில் ஓட வரும் பையன்களில் நாலைந்து பேர் ராணுவத்தில் சேரத் தயாராகிறவர்கள். நான் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவன் என்று தெரிந்ததிலிருந்து ஒரே கேள்விதான்: "சண்டைக்குப் போயிருக்கீங்களாண்ணா?"

போயிருக்கிறேன். சண்டைதான் நடக்கவில்லை. 2001 டிசம்பர் 13-ம் தேதி நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தது. அந்த மாதமே ராஜஸ்தான் எல்லையில் இறங்கினோம். ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். படைகள் திரும்பும் என்ற அறிவிப்பு வந்தது 2002 அக்டோபரில். இன்றைக்கு உத்தரவு வரும், நாளைக்கு வரும் என்று பத்து மாதம் காத்துக் கிடந்தோம்.

விடிவதற்கு முன்பே ஸ்டாண்ட்-டு. இருளும் வெளிச்சமும் கலக்கிற நேரத்தில்தான் எதிரி வருவான் என்பது பழைய பாடம். அதனால் காலையும் மாலையும் ஆயுதத்தோடு பங்கருக்குள் நிற்க வேண்டும். அப்புறம் ஒரு மக் தண்ணீரில் பல் தேய்த்து, அதிலேயே ஷேவிங். யாருமே பார்க்காத அந்தப் பொட்டலில் எதற்கு ஷேவிங் என்று முதலில் எரிச்சலாக வரும். நாலு மாதம் போனபிறகுதான் புரிந்தது. ஒரு நாள் அதை விட்டவன் மறுநாள் துப்பாக்கியைத் துடைப்பதையும் விட்டுவிடுவான்.

மே மாதம் ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடிக்கும். பகலே செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். லங்கரில், அதாவது எங்கள் சமையல் கூடத்தில், எவ்வளவு மூடி வைத்தாலும் சப்பாத்தியைக் கடித்தால் பல்லில் மணல் நறநறக்கும். அந்த வெயிலில்தான் அம்மாவின் இன்லேண்ட் லெட்டர் வந்தது. மல்கோவா வந்துவிட்டதாம், ஏற்காட்டில் கோடை விழாவாம், நேற்று நல்ல மழையாம். மழை என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் என் மனதில் தங்கிப்போனது மிதிவெடி வேலைதான். போன புதிதில், கடுகு மஞ்சளாகப் பூத்து நின்ற வயல்களில் புதைத்தோம். எங்கள் வீட்டில் மரவள்ளி போடுகிறவர்கள். பயிர் நிற்கிற மண்ணில் வெடியைப் புதைக்க எனக்குக் கை கூசியது. வயல்காரர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டிய நாளும் வந்தது. எந்த வரிசையில் எத்தனை என்று ரெக்கார்டில் இருக்கும். ஆனால் ஆந்தி மணலை வாரிப் போட்டு நிலத்தின் மட்டமே மாறியிருந்தது. வெடியின் உடம்பு பிளாஸ்டிக், உலோகத்தைத் தேடும் டிடெக்டரை மட்டும் நம்ப முடியாது. குப்புறப் படுத்து, குத்துக்கம்பியைச் சாய்வாக, விரல் விரலாக மண்ணுக்குள் செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அமுக்கிவிடும். சாய்த்தால்தான் பக்கவாட்டில் தட்டும்.

ஒரு வரிசையில் கணக்குக்கு ஒன்று குறைந்தது. மதியத்துக்குள் அதே இடத்தை மூன்று முறை தேடிவிட்டோம். 'விட்டுவிடலாம்' என்று யாரும் சொல்லவில்லை. அந்த வயல்காரர் நாளைக்கு ஏர் ஓட்ட வருவார். சாயங்காலம் என் கம்பி எதிலோ லேசாகத் தட்டியது. மண்ணை விரலால் ஒதுக்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், பச்சையாக உட்கார்ந்திருந்தது.

ஹவில்தார் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டு ரெக்கார்டில் குறித்தார். "சரி தம்பி, தண்ணி குடி" என்று தன் பாட்டிலை நீட்டினார். காலையில் நிரப்பியது, அவர் இன்னும் ஒரு மடக்குக்கூடக் குடித்திருக்கவில்லை.