லுனுகங்கா: கறுவாக் காடு, ரப்பர்த் தோட்டம், பிறகு ஜெஃப்ரி பாவா

இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனால் தெத்துவ ஏரி வரும். ஏரி என்று பெயர்தான், பார்த்தால் நம் ஊர்க் காயல் மாதிரி. அதன் கரையில் இருக்கும் குன்றுகளில்தான் லுனுகங்கா. இலங்கை நாடாளுமன்றத்தையும் கந்தளம ஹோட்டலையும் கட்டிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஐம்பது வருடம் வெட்டியும் நட்டும் உருவாக்கிய தோட்டம். மதுரையில் ஒரு கிளப்பும் அவர் கைவேலைதான், நம்மில் பலருக்குத் தெரியாது.

அளுத்கமையில் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர் தர்கா நகர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். “எங்கட வாப்பாட காலத்துல இந்தப் பக்கமெல்லாம் ரப்பர்தான். பாவாதான் அத வெட்டிட்டு புல்லு வளத்தாரு. ஆக்கள் சிரிச்சாங்களாம்” என்றார். சிரித்திருப்பார்கள்தான். காசு கொடுக்கிற மரத்தை வெட்டிவிட்டுப் புல் வளர்க்கிறவனை ஊர் என்ன சொல்லும்?

ரப்பருக்கு முன்னால் இங்கே கறுவா. கறுவாப்பட்டைக்காகத்தான் டச்சுக்காரர்கள் இந்தத் தென்மேற்குக் கரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப காலம் காட்டில் தானாக வளர்ந்ததைத்தான் உரித்தார்கள். சலாகம சாதிக்காரர்களுக்கு அது கட்டாய ஊழியம். ஆளுக்கு இவ்வளவு பட்டை என்று கணக்கு வைத்து வாங்கினார்கள். 1769-இல் ஃபால்க் என்ற ஆளுநர் காலத்தில் கொழும்பு மருதானையில் பயிராகவே நட ஆரம்பித்தார்கள். 1796-இல் ஆங்கிலேயர் வந்தார்கள், 1833-இல் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்டார்கள்.

பட்டை உரிப்பதை முந்தின நாள் மாது கங்கைத் தீவு ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். விரல் தடிமனுள்ள குச்சி. மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்க்கிறார் பெரியவர். உள்பட்டை நெகிழ்ந்து கொடுக்கிறது. கத்தி நுனியால் நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டதும் முழுசாகக் கழன்று வருகிறது. அதை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் காயப் போடுகிறார்கள். உரித்த குச்சி அடுப்புக்கு. கை கொஞ்சம் பிசகினால் பட்டை கிழிந்து விலை போய்விடும். இந்த வேலையைக் கணக்குப்பிள்ளைக்குப் பயந்து செய்வது எப்படியிருந்திருக்கும்!

ரப்பர் வந்த கதை வேறு. பிரேசில் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1876-இல் கம்பஹா பக்கத்திலுள்ள ஹெனரத்கொடைக்கு அனுப்பினார்கள். அடுத்த நூற்றாண்டில் மோட்டார் டயருக்குக் கிராக்கி வந்ததும் தாழ்நில எஸ்டேட்டுகள் ரப்பருக்கு மாறின. இந்த இடமும்தான்.

1948-இல் பாவா இதை வாங்கியபோது அவர் வக்கீல். கட்டடக் கலையைப் படிக்கவே இல்லை. கையில் நிலம் வந்த பிறகு, நினைத்ததைச் செய்யத் தனக்குப் படிப்பு போதாது என்று உணர்ந்து லண்டன் போனார். 1957-இல் தேறி வந்தபோது வயது 38.

வீட்டின் தெற்குப் பக்கம் நின்றால் புல்வெளி இறங்கி, எதிரே கறுவாக் குன்றில் ஏறுகிறது. உச்சியில் ஒரு மரத்தடியில் பெரிய சீன ஜாடி. அதற்கு நேர் பின்னால், தண்ணீருக்கு அக்கரையில், கட்டகுலிய புத்த விகாரையின் தாகோபா (தூபி) சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. இயற்கையே வரிசையில் நிறுத்திவைத்தது போல இருக்கும். அத்தனையும் ஏற்பாடு. ஏரி கண்ணில் படவேண்டும் என்று குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். இரண்டு குன்றுக்கும் நடுவே ஊர்ச் சாலை ஒன்று போகிறது. அதைப் பள்ளத்தில் மறைத்துவிட்டதால் மேலிருந்து பார்த்தால் சாலை இருப்பதே தெரியாது. நான் நின்றிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும் புல்லுக்குள்ளிருந்து வந்து போனது.

வடக்கு முற்றத்தில் உள்ள ஈழத்தலரி மரத்தின் கிளைகள் ஏரியைப் பார்த்துப் படர்ந்து வளைந்திருக்கின்றன. வேண்டிய பக்கம் வளைவதற்காகக் கிளைகளில் கனம் கட்டித் தொங்கவிட்டாராம். கீழே தண்ணீர் ஓரத்தில் சிற்பி லக்கி சேனாநாயக்க செய்த சிறுத்தை படுத்திருக்கிறது.

அழகுதான். மறுக்கவே முடியாது. ஆனால் எனக்கு அந்த 1948 தொண்டைக்குள் முள்ளாக நின்றது. அதே வருடம்தான் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேயிலையிலும் ரப்பரிலும் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். மலையகம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது, களுத்துறை மாவட்ட ரப்பர் எஸ்டேட்டுகளிலும் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. பாவா நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் கேள்வி. ஒரே வருடத்தில் ஒருவர் இந்த மண்ணில் தனக்கென ஓர் உலகம் அமைக்க ஆரம்பிக்கிறார், இன்னொரு கூட்டத்துக்கு இந்த மண்ணே இல்லை என்றாகிறது. “இங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள் யார்?” என்று வழிகாட்டிப் பையனிடம் கேட்டேன். “அது பாவாவுக்கு முந்தின காலம் சார்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த சிலைக்கு அழைத்துப் போனான். சுற்றிக்காட்டும் கதை 1948-இல்தான் தொடங்குகிறது. குன்றுக்குப் பெயரில் மட்டும் கறுவா மிச்சம்.

பாவா 2003-இல் இறந்தார். அந்தக் குன்றிலேயே எரியூட்டினார்கள். இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளை பராமரிக்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மழைக்குப் பிறகு படிகள் வழுக்கும், கொசுவும் உண்டு.

நேரம் இருந்தால் களவில என்ற ஊரில் அவர் அண்ணன் பெவிஸ் பாவாவின் ‘பிரீஃப்’ தோட்டத்தையும் பாருங்கள். அதுவும் பழைய ரப்பர் எஸ்டேட்தான். அப்பா ஒரு வழக்கில் வாதாடிச் சம்பாதித்த பணத்தில் வாங்கியது, வக்கீல் எடுக்கும் வழக்குக்கு ஆங்கிலத்தில் ‘பிரீஃப்’ என்று பெயர், தோட்டத்தின் பெயரும் அதனால் வந்ததுதான். பெவிஸ் ஆறடி ஏழு அங்குலம், ஆளுநர்களுக்குத் துணை அதிகாரியாக (ஏ.டி.சி.) இருந்தவர், குறும்புக்காரர். விருந்தாளியாக வந்த ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் ஐந்து வருடத்துக்கு மேல் தங்கிவிட்டார். தம்பி தோட்டத்தின் கச்சிதம் இங்கே இல்லை. செடிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் லுனுகங்காதான். ஆனால் உட்கார்ந்து டீ குடிக்க எனக்குப் பிடித்தது அண்ணன் வீடு.