கட்டை தூக்க ஒரு கட்டைவிரல்

நடுவீரப்பட்டுப் பக்கத்தில் எங்கள் வண்டிக்கு இப்போது 'நண்டு வண்டி' என்று பெயர். 50 குதிரைத்திறன் டிராக்டர், முன்னால் மண் அள்ளுகிற லோடர், பின்னால் தோண்டுகிற பேக்ஹோ. திண்டிவனத்துக்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. எங்கள் ஊரில் மண் தோண்டுகிற எதுவாக இருந்தாலும் அது ஜேசிபிதான், ஆகவே முதல் மூன்று வருடம் இதுவும் ஜேசிபியாகவே ஓடியது. பக்கெட்டுக்கு எதிரே ஒரு கட்டைவிரல் வைத்த பிறகுதான் நண்டானது. அதை எப்படிச் செய்தீர்கள் என்று போன் செய்து கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன், சொதப்பியதையும் சேர்த்து.

எங்களுக்கு முந்திரிதான் வெள்ளாமை, ஊடே பலா. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, அப்பா வைத்த மரங்களில் முக்கால்வாசி படுத்துவிட்டன. மரத்தை விறகாக்கிவிட்டோம். வேரோடு பெயர்ந்த அடிக்கட்டைகள் மட்டும் வருடக்கணக்கில் கொல்லையிலேயே கிடந்தன. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து விஆர்ஐ 3 ஒட்டுக்கன்று வைக்கக் குழி எடுக்கப் போனால் குறுக்கே ஒரு கட்டை படுத்திருக்கும், குழியைத் தள்ளி எடுப்போம். எங்கள் முந்திரி வரிசைகள் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். அப்புறம் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தது. அதில் காற்றைவிட மழைதான் அதிகம். ஊறிப்போன செம்மண்ணில் இரண்டு பலாவும் பதினாறு முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இந்தத் தடவை கட்டைகளை விட்டுவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இப்போது சொந்த வண்டி இருக்கிறதே.

வண்டி இருந்து என்ன செய்ய? பேக்ஹோ தோண்டும், இழுக்கும், பிடிக்காது. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு ஒரு வேளை சோறு சாப்பிட்டுப் பாருங்கள். அள்ள வரும், உருண்டை பிடிக்க வராது. முந்திரிக் கட்டையோ ஆக்டோபஸ் மாதிரி எட்டுத் திசையிலும் வேர் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கெட்டில் ஏந்தினால் பாதி தூரத்தில் உருண்டு விழும். அதனால் சங்கிலி. ஒருவன் கட்டைக்கு அடியில் கைவிட்டுச் சங்கிலி சுற்ற வேண்டும், நான் மேலே லீவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக் கணக்கில் வாடகை வாங்குகிற வண்டியில் பாதி நேரம் சங்கிலி மாட்டுவதிலேயே போகும். டிசம்பர் கடைசியில் ஒரு நாள் சங்கிலி வழுக்கி, கட்டை உதவிக்கு வந்த பையனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் சிரித்தான். எனக்குத்தான் அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

என் மச்சான் வெல்டர். நெய்வேலியில் பல வருடம் ஒப்பந்த வேலை பார்த்த கை. பக்கெட்டுக்கு எதிரே இரும்பு விரல் வைத்த வண்டியின் படத்தை அவனிடம் காட்டியதும், "விரல் செய்யறது ஒண்ணும் பெரிசு இல்ல மாமா, எங்க வைக்கிறதுங்கறதுதான் வேலை" என்றான். அது எவ்வளவு சரி என்பது அட்டை வெட்டும்போதுதான் தெரிந்தது.

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி பரணில் கிடந்தது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட், அதைத் தாங்குகிற ஆர்ம், இரண்டையும் கோர்க்கிற 'பின்'களின் ஓட்டைகள் எல்லாவற்றையும் அளந்து பாதி அளவில் அட்டையில் வெட்டினோம். பின்னுக்குப் பதில் சைக்கிள் ஸ்போக். திண்ணையில் வைத்துப் பக்கெட்டைச் சுருட்டி விரித்துப் பார்த்தோம். விரலின் அச்சு பக்கெட் பின்னிலேயே இருந்தால் இரண்டும் ஒரே வட்டத்தில் சுற்றும், எந்த இடத்திலும் நுனியும் பல்லும் சேரும். ஆனால் அதற்குப் பக்கெட் பின்னையே நீளமாகச் செய்து மாற்ற வேண்டும். சோம்பல்பட்டு, ஒரு சாண் மேலே ஆர்மின் அடியில் தனி அச்சு வைக்கலாம் என்று பார்த்தோம். இரண்டு வட்டத்துக்கும் மையம் வேறாகிவிடுவதால், ஓரிடத்தில் நுனியும் பல்லும் முத்தமிட்டால் அடுத்த இடத்தில் நான்கு விரற்கடை விலகி நிற்கும். அச்சு மேலே போகப் போக இந்த விலகல் கூடும். மூன்று நாள், ஏழு அட்டை விரல்கள். எனக்கு எது முக்கியம் என்றால், பக்கெட் பாதி சுருண்ட நிலை. கட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்புவது அந்த நிலையில்தான். அங்கே நன்றாகச் சேர்ந்தால் போதும், மற்ற இடத்தில் கொஞ்சம் விலகினால் விலகட்டும் என்று முடிவு செய்தோம். கடைசி அட்டை இன்னும் பரணில் இருக்கிறது.

பக்கெட்டில் நான்கு பல். விரலில் இரண்டு கிளை, ஓரத்து இடைவெளிகள் இரண்டிலும் நுழைகிற மாதிரி. 16 எம்எம் பிளேட்டைக் கேஸில் வெட்டி, இரண்டு கிளைக்கும் நடுவே குறுக்குச் சட்டம் கொடுத்தோம். அச்சிலிருந்து நுனி வரை 75 சென்டிமீட்டர். உள்பக்கம் ரம்பப் பல் மாதிரி வெட்டுவதா வேண்டாமா என்று வாக்குவாதம் வந்தது. வேண்டாம் என்று நின்றேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னால் சொல்கிறேன். அச்சாக நிற்கிற 'பின்', அது சுழல்கிற புஷ் இரண்டும் இஎன்8 எஃகில் லேத் பட்டறையில் கடைந்தது. கிரீஸ் நிப்பிளுக்கு ஓட்டை போட மறந்து, திரும்பக் கொண்டுபோய்ப் போட்டோம்.

சிலிண்டர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, நெல் அறுவடை இயந்திரத்தில் இருந்து கழற்றியது. உள்விட்டம் 63 மில்லிமீட்டர், ராடு 40. ராடில் சொட்டைத் துரு கிடையாது, அதைத்தான் முதலில் பார்த்தேன். சீல் கிட்டுக்கும் ஹோஸ் நசுக்கி எடுப்பதற்கும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போனேன். சிலிண்டரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனதைப் பார்த்துக் கண்டக்டர் லக்கேஜ் போட்டுவிட்டார்.

ஆர்மில் வெல்டிங் வைப்பதில் மச்சான் யார் பேச்சையும் கேட்கமாட்டான். பேட்டரி வயரைக் கழற்றினான். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினான். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பின், புஷ் வழியாக ஓடி உள்ளுக்குள்ளேயே பொரிந்துவிடும். பக்கெட் சிலிண்டர் ராடின் மேல் தீப்பொறி தெறிக்காமல் ஈரச் சாக்கைச் சுற்றினான். நீளவாக்கில்தான் வெல்டிங் பற்று வைக்க வேண்டும், குறுக்கே கோடு போட்டால் ஆர்ம் அந்தக் கோட்டிலேயே ஒடியும் என்றான். இவ்வளவு சொன்னவன், சிலிண்டரின் மேல்முனையை ஆர்மில் பிடிக்கிற மேல் பிராக்கெட்டுக்கு மட்டும் அன்று கையிலிருந்த சாதா வெல்டிங் ராடை எடுத்து ஓட்டினான். மழைக்காலத்தில் டப்பா திறந்தே கிடந்த ராடு. இருட்டிவிட்டது, எனக்கும் அவசரம், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயில் எங்கிருந்து எடுப்பது? தனி வால்வு ஒன்று கோர்த்தால் செலவு, அதோடு பழைய வால்வின் வெளிவாயில் அடுத்த வால்வைக் கண்டபடி மாட்டினால் முழு அழுத்தமும் முதல் வால்வின் உள்ளேயே நின்று வார்ப்பு வெடிக்கிற ஆபத்தும் உண்டு. நாங்கள் வேறு வழி பிடித்தோம். தோண்டும்போது வண்டி சாயாமல் தாங்குகிற ஜாக்கி கால் இரண்டும் தரையில் ஊன்றித்தானே இருக்கும், அந்த லீவருக்கு அப்போது வேலையில்லை. வலது காலின் லைனில் ஆயில் போகிற வழியை மாற்றிவிடுகிற, ஆறு வாய் உள்ள 12 வோல்ட் செலக்டர் வால்வு ஒன்றை வைத்தோம். ஸ்விட்சைப் போட்டால் காலின் லைன் இரண்டும் அடைபட்டு, அதே லீவர் விரலை ஆட்டும்.

முதல் நாள் அருமையாக வேலை செய்தது. அப்பா வந்து பார்த்தார். விரல் மூடுவதையும் திறப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்குதுடா" என்றார். பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

மூன்றாம் நாள் பிராக்கெட் விரிசல் விட்டது.

ஒரு பெரிய முந்திரிக் கட்டையை விரலால் அழுத்திக்கொண்டு, இன்னும் இறுகட்டும் என்று பக்கெட்டையும் சுருட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மேல் பிராக்கெட்டின் ஓரத்தில் தலைமுடி அளவுக்குக் கோடு, வெல்டிங்கைத் தாண்டி ஆர்மின் தகட்டுக்குள் அரை அங்குலம் ஓடியிருந்தது. சிலிண்டர் வாயில் ஆயில் வியர்த்திருந்தது. எங்கே கசிகிறது என்று அந்தப் பையன் கையால் தடவப் போனான், கத்தி நிறுத்தினேன். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இதற்கெல்லாம் ஒரு துண்டு அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும்.

மச்சான் ஈர ராடைப் பழித்துக்கொண்டான். அது பாதிதான். மீதியை அன்று இரவு நோட்டில் கணக்குப் போட்டபோது கண்டுபிடித்தேன். எங்கள் பம்பின் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் மீறினால் திறந்து ஆயிலை டேங்குக்கு விடுகிற வால்வு, 160 பார் அழுத்தத்துக்கு வைத்தது. 63 மில்லிமீட்டருக்கு அந்த அழுத்தத்தில் சிலிண்டர் தள்ளுவது ஏறக்குறைய 5 டன். சிலிண்டர் விரலைத் தள்ளுகிற இடம் அச்சிலிருந்து 18 சென்டிமீட்டர், நுனியோ 75-இல். ஆகவே நுனியில் கிடைப்பது 1.2 டன். பக்கெட் பல்லோ இரண்டரை டன் தள்ளும். நான் லீவரை விட்டவுடன் விரலின் ஆயில் இரண்டு பக்கமும் அடைபட்டுப் போகிறது. அதன் மேல் பக்கெட் வந்து நெருக்கும்போது, ஓட வழியில்லாத அந்த ஆயிலில் பம்ப் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏறுகிறது. பம்பின் ரிலீஃபுக்கு இது தெரியவே தெரியாது, இடையில் வால்வு மூடியிருக்கிறது. பலவீனமான இடம் எதுவோ அது விட்டது. வெல்டிங் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும், ஹோஸ் விட்டிருந்தால் நான் உட்கார்ந்திருந்த பக்கம்தான் அடித்திருக்கும்.

பக்கெட் மீறி நெருக்கினால் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். அதற்கு விரலின் லைனிலேயே ஒரு ரிலீஃப் வால்வு வேண்டும். கடையில் கேட்டதற்கு இரண்டு லைனையும் குறுக்கே இணைக்கிற கிராஸ் ரிலீஃபைக் கொடுத்தார்கள். மாட்டினால் விரல் முன்னைவிட விறைத்துக்கொண்டது. திரும்பவும் நோட்டு. சிலிண்டருக்குள் பிஸ்டனின் பின்பக்கத்துப் பரப்பு 31 சதுர சென்டிமீட்டர், ராடு பக்கத்தில் ராடு இடத்தை அடைப்பதால் 18.6 மட்டுமே. இங்கிருந்து வெளியேறுகிற ஆயில் அங்கே கொள்ளாது. பெரிய சொம்பை டம்ளரில் கவிழ்க்கிற கதை. ஹைட்ராலிக் மோட்டாருக்கு அது சரி, இரண்டு பக்கமும் ஒரே அளவு. எங்கள் சிலிண்டருக்கு ஒத்துவராது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, எதற்கு என்று நானும் தெளிவாகச் சொல்லவில்லை. மறுபடி மேட்டுப்பாளையம், மறுபடி பஸ். பின்பக்கத்திலிருந்து நேராக டேங்குக்குத் திறக்கிற ரிலீஃப் ஒன்றை வாங்கி, 180 பாருக்கு வைத்து, டேங்குக்கு மூன்றாவது ஹோஸ் இழுத்தோம். விரல் பின்வாங்கும்போது ராடு பக்கம் வெற்றிடம் ஆகாமல் ஆயில் உறிஞ்சிக்கொள்ள, ஒரே திசையில் மட்டும் விடுகிற ஒரு செக் வால்வு. ஆர்மின் விரிசல் முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை துளைத்து, அது மேலே ஓடாமல் நிறுத்தி, கோட்டைச் சாணை பிடித்துத் திறந்து, இந்தத் தடவை 7018 என்கிற வெல்டிங் ராடை அடுப்பில் காயவைத்து நிரப்பினான் மச்சான். பிராக்கெட்டின் அடித்தகடும் இப்போது முன்னைவிட ஒரு அடி நீளம், முனை இரண்டும் மீன்வால் மாதிரி.

இன்னொன்றும் நடந்தது. இதை வீட்டில் சொல்லவில்லை. செலக்டருக்கு முதலில் டாகிள் ஸ்விட்ச் போட்டிருந்தேன். ஒருநாள் அது விரலில் இருப்பதாக நினைத்து லீவரைத் தட்டினேன். காலில் இருந்தது. ஆர்மில் கட்டை தொங்க, வலது ஜாக்கி கால் சத்தமில்லாமல் மேலே ஏறியது. வண்டி சாய ஆரம்பித்தது வயிற்றில்தான் முதலில் தெரிந்தது. கட்டையைப் பொத்தென்று தரையில் வைத்துத் தப்பித்தேன். மறுநாளே டாகிளைப் பிடுங்கிவிட்டு, பக்கெட் லீவரின் குமிழில் அழுத்துபொத்தான் வைத்தேன். அழுத்திக்கொண்டிருக்கும் வரை விரல், விட்டால் கால். காலை ஊன்றியதும் கால் லீவருக்கு மேல் ஒரு கொக்கியையும் மடக்கிவிடுகிறேன், விரலுக்காகக் கொக்கியை எடுத்தால் என் கட்டைவிரல் பொத்தானில் இருக்கிறதா என்று கண் தானாகப் போகிறது.

மொத்தச் செலவு 41,000 ரூபாய், அதில் வீணாய்ப் போன வால்வும் இரண்டு பஸ் பயணமும் அடக்கம். மச்சானுக்குக் கூலி கொடுத்தால் வாங்கமாட்டான், அக்கா திட்டுவாள் என்பான். ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுத்தேன்.

பதினாறு முந்திரிக் கட்டைகளும் இரண்டு நாளில் கரைக்கு வந்துவிட்டன. கீழே ஆள் யாரும் இல்லை. பையன் தூரத்தில் நின்று கைகாட்டுவதோடு சரி.

பலாதான் கடைசி. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்துக்கு மிருதங்கக் கட்டை கடைகிறவர்களிடம் நல்ல மதிப்பு. வாங்க வந்தவர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டியையும் பார்த்தார். பக்கெட் பல் பட்டுத் தழும்பு விழுந்தால் விலை குறைப்பேன் என்று சொல்லிவிட்டார். பல்லுக்கும் மரத்துக்கும் நடுவே பழைய டயர்த் துண்டு வைத்தேன். விரலின் உள்பக்கம் வழவழப்பாக இருந்ததால் அங்கே எதுவும் வேண்டியிருக்கவில்லை, மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பொத்தானை அழுத்தி லீவரை நூல் நூலாகத் தள்ளினேன், மரம் அசையாமல் எழும்பி மினி லாரியில் உட்கார்ந்தது. வந்தவர் குனிந்து மரத்தைச் சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தார். பிறகு பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

இப்போது வலது கிளையின் நுனி தேய ஆரம்பித்திருக்கிறது, வருகிற ஞாயிறு அதன் மேல் எளிதில் தேயாத ஹார்டு வெல்டிங் ராடில் ஒரு பற்று வைக்க வேண்டும். திங்கட்கிழமை கடலோரத்தில் ஒருவருக்குச் சவுக்குக் கட்டை எடுக்கப் போகிறோம். போனில் அவர் கேட்டதே, "நண்டு வண்டிங்களா?" என்றுதான்.