என்ன முறை வேண்டும்?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய மாமா, நெஞ்சை ஏதோ அடைப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தாராம். 108 வண்டி உறையூர்த் தெருவுக்குள் நுழைந்தபோது அவர் இல்லை. முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு அப்பாவுடன் தொலைபேசியில் பேசியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

மாமா என்று அழைத்தோமே தவிர, அவர் எங்களுக்கு உறவினர் அல்லர். அப்பாவும் அவரும் திருச்சி பெல் கொதிகலன் தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள். 1983இல் கைலாசபுரம் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு கிடைத்ததில் தொடங்கிய பழக்கம், இருவரும் 2009இல் ஓய்வுபெற்று, அவர் உறையூருக்கும் நாங்கள் காட்டூருக்கும் போன பிறகும் ஒரு நாள் கூட விட்டுப்போகவில்லை. மாமா வெல்டர். உயர் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய குழாய்களை இணைப்பவர். இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஊசிமுனைக் குமிழி தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குப் பெருமையாக விளக்குவார். வேலை பார்த்த காலமெல்லாம் இரும்பை அப்படிச் சோதனைக்குக் கொடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு தன் நெஞ்சுக்கு ஓர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளும்படி அத்தை எத்தனை முறை கெஞ்சியும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது.

அப்பா அனல்மின் நிலையக் கட்டுமானப் பணிக்காக மாதக்கணக்கில் வடக்கே போய்விடுவார். அந்த மாதங்களில் என் மதிப்பெண் அட்டையில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் மாமாதான் கையெழுத்திட்டார். கணக்கில் 34 வாங்கிய முறையும் எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டு, அப்பா ஊர் திரும்பும்வரை தினமும் மாலையில் என்னை எதிரே உட்காரவைத்துப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பாவிடம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று பிற்பகல் உறையூர் வீட்டு வாசலில், சாமியானாவின் ஓரத்தில், அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீர்மாலைக்குப் புறப்பட்டவர்கள் பங்காளிகள்; கோடி போட்டவர்கள் சம்பந்தி வீட்டார்; நெய்ப்பந்தம் பிடித்தவர்கள் பேரன்கள். ஒவ்வொன்றுக்கும் உரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அந்த வரிசையில் 41 ஆண்டு நட்புக்கு என்று எதுவும் இருக்கவில்லை. அதற்காக யார்மீதும் குறையில்லை. சடங்கு தெரிந்த பெரியவர்கள் தம் வேலையைச் செவ்வனே செய்தார்கள். அவர்களில் ஒருவர்தான் அப்பாவிடம் வந்து, "ஐயா, நீங்க அவருக்கு என்ன முறை வேணும்?" என்று மரியாதையாகவே கேட்டார்.

அப்பா எழுந்து நின்று, "பக்கத்து வீடு" என்றார்.

அந்தப் பெரியவர் அக்கம்பக்கத்து வீடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். ஓயாமாரி சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, உறவினர்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டு முடித்த பின், "வேற யாராவது போடணும்னா போடலாம்" என்று குரல் வந்தது. அந்த 'வேறு யாராவது' என்ற கணக்கில்தான் அப்பாவும் நானும் முன்னே சென்றோம்.

உறையூர் என்பதாலோ என்னவோ, அந்த ஊரை ஆண்ட கோப்பெருஞ்சோழனின் நினைவு அன்றிலிருந்து விடவில்லை. வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பிருந்து, உயிர்விடத் துணிந்த சோழன், உடன் உயிர்விட வந்த நண்பரான புலவர் பொத்தியாரை, மகன் பிறந்த பின் வா என்று திருப்பி அனுப்பினான். மகன் பிறந்ததும் அவர் வந்தபோது அவன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லைப் பார்த்துப் பொத்தியார் கேட்பது, என் இடம் எது என்பதைத்தான் (புறநானூறு 222). பள்ளியில் இதை நட்புக்கு எடுத்துக்காட்டு என்று படித்து ஐந்து மதிப்பெண் வாங்கினோம். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. கல்லான பின்னும் அவன் இடம் கொடுத்தான் என்று அடுத்த பாடலில் வருகிறது.

வீடு திரும்பியதும் தலை முழுகினால் போதும், பங்காளி இல்லையே, நமக்குத் தீட்டு கிடையாது என்று அம்மா சொன்னார். அப்பா தலையாட்டினார். ஆனால் மறுநாள் முகம் மழிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு பிரதோஷத்தையும் தவறவிடாதவர், இடையில் வந்த பிரதோஷத்துக்குத் திருவெறும்பூர் மலைக்கோயிலுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறையூர் போய், கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடு வந்தோம். அப்பா கொல்லைப்புறத்துக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அம்மா கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.