ஆளுநர் வாலஸின் கடிதங்களைத் தேதி வரிசையில் படித்தபோது

லூ வாலஸ் 1878 முதல் 1881 வரை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பிரதேசத்தின் (அப்போது அது மாநிலமாகவில்லை) ஆளுநராக இருந்தவர். அவருடைய கடிதத் தொகுப்பு இண்டியானா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. பல கடிதங்களின் படங்களை இணையத்திலேயே பார்க்கலாம். பில்லி தி கிட் என்ற பெயர்பெற்ற இளம் துப்பாக்கிக்காரனுக்கு அவர் எழுத்தில் என்னதான் வாக்குக் கொடுத்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

பழைய கூட்டெழுத்துக்குக் கண் பழகவே நாளானது. புரியாத சொற்களை அப்படியே விட்டுவிட்டு, முதலில் ஆள்பெயரையும் ஊர்ப்பெயரையும் மட்டும் தேடினேன்: லிங்கன் என்ற ஊர், ஃபோர்ட் ஸ்டாண்டன் என்ற ராணுவக் கோட்டை, ராணுவ அதிகாரிகள் டட்லி, ஹாட்ச், அப்புறம் ஷர்ஸ். அப்புறம் ஒரு நோட்டில் தேதி, யார் யாருக்கு எழுதியது, பதில் வந்ததா என்று குறித்துக்கொண்டே போனேன். இந்த வேலைக்கு அந்த நோட்டைப் போல உதவியது வேறு எதுவும் இல்லை.

பிரதேச ஆளுநரை அங்குள்ள மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. குடியரசுத் தலைவர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். அதனால் வாலஸின் முக்கியமான கடிதங்கள் வாஷிங்டனில் பிரதேசங்களைக் கவனித்துவந்த இன்டீரியர் துறையின் செயலர் கார்ல் ஷர்ஸுக்கே போகின்றன. லிங்கன் கவுண்டியில் இரு வணிகக் கூட்டங்களின் சண்டை கொலைகளில் போய் நின்றிருந்தது. ராணுவத்தைக் காவல் வேலைக்கு இறக்குவதை 1878 ஜூனில் வந்த சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. அதனால் அங்கே ராணுவ ஆட்சியை (martial law) அறிவிக்கும்படி வாலஸ் கேட்டார். குடியரசுத் தலைவர் ஹேஸ் அக்டோபர் 7 அன்று, ஆயுதக் கும்பல்கள் கலைந்து போக வேண்டும் என்ற பிரகடனத்தோடு நிறுத்திக்கொண்டார். நவம்பரில் வாலஸ் பொது மன்னிப்பை அறிவித்தார். ஏற்கெனவே குற்றச்சாட்டு பதிவானவர்களுக்கு அது பொருந்தாது. கிட் அந்தப் பட்டியலில் இருந்தவன். இது தெரியாமல் அவன் கடிதங்களைப் படித்தால் பாதிதான் புரியும்.

1879 பிப்ரவரியில் வழக்கறிஞர் சாப்மன் லிங்கன் தெருவில் கொல்லப்பட்டார். அதை நேரில் பார்த்ததாக மார்ச்சில் கிட் எழுதுகிறான். உங்கள் மன்னிப்புப் பிரகடனத்துக்குப் பிறகு நான் ஆயுதம் தூக்கவில்லை என்றும் சொல்கிறான். மார்ச் 15 அன்று வாலஸ் எழுதிய பதிலை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இரவு ஒன்பது மணிக்கு, தனியாக, லிங்கனில் இருக்கும் வில்சன் வீட்டுக்கு வா. தெரிந்ததைச் சாட்சி சொன்னால் வழக்கிலிருந்து உன்னை விடுவிக்கும் அதிகாரம் எனக்கு இருக்கிறது. எந்த மழுப்பலும் இல்லாத வாக்கு அது.

அந்த மாதக் கடைசியில் ஷர்ஸுக்குப் போன கடிதத்தில் வேறொரு வாலஸைப் பார்க்கிறோம். இதற்குள் சரணடைந்து காவலில் இருக்கும் கிட்டுக்கு ஊர்க்காரர்கள் பாட்டுப் பாடியதைக் கேலியாக எழுதுகிறார். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பையனிடம் ஒரு குரல், மேலிடத்திடம் இன்னொரு குரல்.

கிட் சாட்சி சொன்னான். ஆனால் மாவட்ட அரசு வழக்கறிஞர் ரைனர்சன் வழக்கைக் கைவிட மறுத்துவிட்டார். ஜூனில் கிட் காவலை விட்டுப் போய்விட்டான். 1880 டிசம்பரில் அதே ஆளுநர் அவனைப் பிடித்துத் தருபவருக்கு 500 டாலர் பரிசு அறிவித்தார்.

பிடிபட்ட பிறகு 1881 மார்ச்சில் சான்டா ஃபே சிறையிலிருந்து கிட் எழுதிய கடிதங்களுக்கு எதிரே என் நோட்டில் ‘பதில்’ என்ற பத்தி காலியாகவே இருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் நான் செய்தேன், நீங்கள் சொன்ன எதையும் நீங்கள் செய்யவில்லை என்று மார்ச் 4 அன்று எழுதுகிறான். அன்றுதான் வாஷிங்டனில் கார்ஃபீல்டு புதிய குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். வாலஸ் அந்த மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்தார். பிறகு ஒட்டோமான் பேரரசுக்குத் தூதராகப் போனார். கிட் ஜூலை 14 அன்று ஃபோர்ட் சம்னரில் சுட்டுக்கொல்லப்பட்டான்.

2010 டிசம்பர் 31 அன்று நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், கிட்டுக்கு இறப்புக்குப் பின் மன்னிப்பு வழங்க மறுத்தார். வாலஸ் ஏன் வாக்கை மீறினார் என்பது தெளிவாக இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மன்னிப்பு வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை, கிட் கொலைகள் செய்தவன்தான். ஆனால் வாக்கு கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு மார்ச் 15 கடிதமே போதும். இதைப் படிக்க நினைப்பவர்கள் கிட்டின் கடிதங்களோடு நிறுத்தாமல், ஷர்ஸுக்குப் போனவற்றையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.