டேப்போடு உரிந்த பெயிண்டும் வெள்ளியடித்த டீக்காலும்

1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல், 1940-இன் நிறங்களில்: மேலே பழுப்பும் கரும்பச்சையும், அடியில் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை. பச்சை அடித்து முடித்து மாஸ்கிங் டேப்பை எடுத்தால், இறக்கையின் முன்விளிம்பில் பழுப்பும் கூடவே உரிந்து வந்து, உள்ளே பிளாஸ்டிக் பல்லிளிக்கிறது.

உடனே ஏர்பிரஷ்ஷை (காற்றால் பெயிண்ட் தூவும் கருவி) தூக்காதீர்கள். உரிந்த இடத்தின் ஓரம் ஒரு படி மாதிரி நிற்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது தெரியும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 1500, அப்புறம் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்த ஓரம் மட்டும் சரிவாகும்படி தேய்க்கவும். கண் ஏமாற்றும், நகத்தை ஓட்டிப் பாருங்கள், இடறாமல் வழுக்கினால் போதும். பேனல் கோட்டில் (தகடுகளின் இணைப்பைக் காட்டும் பள்ளக் கோடு) அடைந்த தூளைப் பழைய டூத்பிரஷ்ஷால் கழுவிவிட்டு, வெற்றுப் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் பிரைமரை (பெயிண்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு) மெல்லத் தூவுங்கள். பிறகு பழுப்பு: டாமியா அக்ரிலிக் என்றால் ஒரு பங்கு பெயிண்டுக்குத் தின்னர் ஒன்றரைப் பங்கு, காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ-க்குள், நாலைந்து மெல்லிய கோட். ஒரே கோட்டில் மூட நினைத்தால் ஓரத்தில் தேங்கி மறுபடி படி கட்டும்.

உரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் டேப் இல்லை. அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழலப் பூசும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவாமல், பிரைமரும் இல்லாமல் அடித்த அக்ரிலிக் சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டேப்பைக் கண்ணாடியில் ரெண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது செங்குத்தாக இழுக்காமல், தன் மேலேயே மடித்து மெதுவாக.

அடுத்த தலைவலி டீக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படலம். வட்டச் சின்னத்தைச் சுற்றியுள்ள ஒளிபுகும் படலம் வெள்ளி மாதிரி மின்னினால், அடியில் காற்று மாட்டியிருக்கிறது. மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் நுண்ணளவில் சொரசொரப்பானது; அந்தக் குழிகளுக்குள் படலம் இறங்காது. டீக்காலுக்கு முன் கிளாஸ் வார்னிஷ் அடிக்கச் சொல்வது பளபளப்புக்காக இல்லை, இதற்காகத்தான். ஒட்டியாயிற்று என்றால், புது ஊசியால் மின்னும் இடமெல்லாம் குத்தி, மைக்ரோ சால் என்ற டீக்கால் இளக்கும் திரவம் ஒரு சொட்டு தடவுங்கள். ஊசித்துளை வழியே அடியில் இறங்கிப் படலத்தை இளக்கும். டீக்கால் சுருங்கிக் கோணலாகும். கை வைத்தால் கிழிந்தது, காயும்போது தானே படியும். மூன்று நாலு முறை தேவைப்படலாம்.

கடைசி மேட் வார்னிஷ் கோட்டில் கரும்பச்சை மேல் மாவு மாதிரி வெள்ளை பூத்தால், புட்டியின் அடியில் தங்கிய, பளபளப்பைக் குறைக்கும் மேட் தூளைச் சரியாகக் கலக்கவில்லை, அல்லது கனமாக அடித்திருக்கிறீர்கள். சுரண்ட வேண்டாம். கிளாஸ் ஒரு கோட் அடித்தால் தூள் நனைந்து நிறம் பெரும்பாலும் திரும்பி வரும். காய்ந்ததும் மேட் வார்னிஷை மெல்ல அடிக்கலாம். மழைநாளில் லாக்கர் வார்னிஷ் பால் பூத்தால் கதை வேறு: தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. வறண்ட நாளில் மெதுவாகக் காயும் லாக்கர் தின்னரை மட்டும் தூரத்திலிருந்து லேசாகத் தூவினால் தெளியும். டீக்கால் மேல் மட்டும் நனைய விடாதீர்கள், கரைந்துவிடும்.